தங்கை தம்பிக்குச் சொல்லிக்கொடுத்த பேச்சு

தாய்ப்பாலோடு மொழியும் சேர்ந்து வருகிறது என்று மேடையில் யாராவது முழங்கினால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பாலோடு வருவது பால்தான். பெற்று வளர்த்தவள் சொல்கிறேன். பல வருஷம் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளோடு மல்லுக்கட்டிய வாத்தியாரம்மாவாகவும் சொல்கிறேன். பகலெல்லாம் பிள்ளையின் பக்கத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்களோ அவர்களிடமிருந்துதான் அதற்குப் பேச்சு வருகிறது. அந்த ஆள் எப்படிப் பேசுகிறாரோ அப்படித்தான் பிள்ளையும் பேசும். இது தெரியாமல், தெரிந்துகொள்ளவும் மனசில்லாமல், எங்கள் வீட்டில் என் தங்கையின் வாழ்க்கையைக் கெடுத்தார்கள்.

வெள்ளைக்காரன் சண்டைக்காக ஆவடியில் பட்டாளத்துக் கொட்டகைகள் கட்டிக்கொண்டிருந்த வருஷங்கள் அவை. அம்பத்தூர் அப்போது ஏரியும், ஏரிக்குக் கீழே வயலும், வயலுக்கு நடுவே எங்களைப் போன்றவர்களின் குடிசைகளும்தான். எங்களுக்குச் சொந்தமாக ஒரு சாண் நிலம் கிடையாது. நைனா ஆவடிக்கு நடந்து போய் மண் சுமந்தார். அம்மா நடவுக்கும் களைக்கும் போனாள். என்னைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார்கள். படிப்பின் மேல் ஆசைப்பட்டு அல்ல, மத்தியானம் அங்கே கஞ்சி ஊற்றினார்கள் என்பதால்.

தங்கைக்குப் பேச்சு வந்ததை நான் கூடவே இருந்து பார்த்தேன். முதலில் 'ம்மா' வந்தது. அம்மாவும் 'ம்மா', சோறும் 'ம்மா', எரிகிற விளக்கும் 'ம்மா'. அப்புறம் 'க்கா' வந்தது. அது எனக்கும் பெயர், கூரைமேல் உட்கார்ந்த காக்காவுக்கும் பெயர். நான் பள்ளிக்கூடம் விட்டு வரும்போதெல்லாம் அம்மா, "உன் காக்கா வந்துட்டாடி, பாரு" என்று கேலி செய்வாள். நான் கோபித்துக்கொள்வேன். உண்மையில் எனக்கு அதில் ஏகப் பெருமை. பிறகு வார்த்தைகள் மளமளவென்று வந்தன. ரெண்டு வார்த்தையைச் சேர்த்து, 'க்கா தா', 'நைனா போ' என்று எங்களை அதிகாரம் செய்கிற அளவுக்கு அவள் வந்திருந்தபோது அம்மை போட்டுவிட்டது.

அம்மை போட்டால் எங்கள் பக்கத்தில் வீடே வாயைக் கட்டிக்கொள்ளும். ஆத்தா வந்து இறங்கியிருக்கிறாள், அவள் இருக்கிற வீட்டில் சத்தம் கூடாது. வாசலில் வேப்பிலை, அடுப்பில் தாளிப்பு இல்லை. படுத்திருக்கிற பிள்ளையைப் பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது. மருந்து கொடுத்தால் ஆத்தாவுக்குக் கோபம் வரும். தங்கை வேப்பிலைமேல் கிடந்தாள். ரெண்டு காதிலிருந்தும் சீழ் வடிந்து தலைக்குக் கீழே இருந்த துணி நனைந்தது. அம்மா அதை வேப்பிலையால் ஒற்றி எடுத்தாள். பிள்ளையிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. நாங்கள் யாருமே பேசவில்லை. யாரும் வாய் திறக்காத வீட்டில் ஒரு பிள்ளைக்குக் காது போய்விட்டது என்று யாருக்குத் தெரியும்?

தலைக்குத் தண்ணீர் ஊற்றி ஆத்தாவை வழியனுப்பிய பிறகு அம்மா அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். அவள் திரும்பவில்லை. பிள்ளைக்குக் கோபம், இத்தனை நாள் பேசாமல் இருந்தோமே என்று அம்மா சிரித்தாள். நான் பின்னால் போய்த் தட்டை ஓங்கித் தரையில் போட்டேன். வெளியே கட்டியிருந்த பக்கத்து வீட்டுப் பசு மிரண்டது. என் தங்கை மண்ணில் விரலால் கோடு கிழித்துக்கொண்டே இருந்தாள். அம்மா சிரிப்பை நிறுத்திவிட்டாள்.

அதற்கப்புறம் வார்த்தைகள் வந்த வழியே திரும்பிப் போயின. கடைசியில் வந்தவை முதலில் போயின. 'நைனா' என்பது 'நைனை' என்று குழைந்து, 'நை' ஆகி, ஒருநாள் காணாமலே போய்விட்டது. என்னை 'க்கா' என்று கூப்பிட்டது கொஞ்ச காலம் இருந்தது. பிறகு அது வெறும் மூச்சுச் சத்தமானது. கடைசிவரை நின்றது 'ம்மா'தான். ஆனால் தன் குரல் தனக்கே கேட்காததால் அவளுக்கு அதன் அளவு தெரியவில்லை. கழுத்து நரம்பு புடைக்க அடிவயிற்றிலிருந்து ஒரு கத்தலாக அது வந்தது. தெருவில் போகிறவர்கள் திடுக்கிட்டுத் திரும்பினார்கள். நைனா வாயில் அடித்தார். "இன்னாத்துக்குடி இந்தக் கத்து கத்தறே" என்று அவளுக்குக் கேட்காத கேள்வியைக் கேட்டுக் கேட்டு அடித்தார்.

அவள் புத்திசாலி. சத்தம் போடாமல் வாயை மட்டும் அசைத்தால் அடி விழுவதில்லை என்று கண்டுகொண்டாள். அவளுக்குப் பேச்சு என்பதே அதுதானே? எல்லோரும் எதிரெதிரே நின்று வாயை அசைக்கிறார்கள், கையை ஆட்டுகிறார்கள், உடனே ஒருவர் எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவருகிறார். அவளும் வாயை அசைத்தாள். யாரும் தண்ணீர் கொண்டுவரவில்லை. அப்போது கையையும் சேர்த்துக்கொண்டாள். அதையும் நின்று பார்க்க எங்கள் வீட்டில் யாருக்கும் நேரம் இல்லை. "ஆத்தா கொடுத்தா, ஆத்தாவே எடுத்துகினா" என்று அம்மா சொல்லிவிட்டு வேலைக்குப் போனாள்.

தம்பி பிறந்தபோது அவள் ஒரு கைக்குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொள்கிற அளவுக்கு வளர்ந்திருந்தாள். பிரசவப் பத்தியம் முடிந்த கையோடு அம்மா நடவுக்குப் போக வேண்டியிருந்தது. வரப்போரத்துப் புங்கமரத்தில் பழைய புடவையைத் தூளியாகக் கட்டி, பிள்ளையை அதில் போட்டு, தங்கையைப் பக்கத்தில் உட்காரவைத்துவிட்டுச் சேற்றில் இறங்குவாள். பால் கட்டிக்கொண்டு வலிக்கும்போதுதான் கரையேறுவாள். காலை வெயில் ஏறுவதற்கு முன்னால் தொடங்கி வெயில் தாழ்கிறவரை அந்தப் பிள்ளைக்குத் துணை அவள் ஒருத்திதான்.

முதலில் ஊரே அவனை மெச்சியது. அழாத பிள்ளை. "இன்னாம்மா, தூளியில கொயந்தை கீதா இல்லியா, ஒரு சத்தத்தையும் காணோம்" என்று மற்ற நடவுப் பெண்கள் கேட்பார்கள். அம்மாவுக்குப் பூரிப்பு. "எம் புள்ளை தங்கம், ஆத்தா பாத்துக் குடுத்தது" என்பாள். பசித்தாலும் எறும்பு கடித்தாலும் அவன் முகம் கோணும், வாய் அகலமாகத் திறக்கும், கண்ணில் நீர் வழியும். சத்தம் மட்டும் வராது. அழுதுகொண்டே தலையைத் திருப்பி அவள் முகம் எங்கே என்று தேடுவான். அவள் பார்க்காமல் இருந்தால் தூளித் துணியைக் காலால் உதைத்து ஆட்டுவான். கத்திப் பயனில்லாத இடத்தில் பிள்ளை ஏன் கத்தும்? அது பெரியவர்களைவிடக் கெட்டிக்காரப் பிறவி.

பள்ளிக்கூடம் லீவு விட்டிருந்த ஒருநாள் அம்மாவுக்குக் கூழ் எடுத்துக்கொண்டு வயலுக்குப் போனேன். தம்பி அப்போது பிடிக்காமல் நிற்கத் தொடங்கியிருந்தான். ரெண்டு பேரும் புங்கமரத்தடியில் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். விளையாடுகிறார்கள் என்று நினைத்தேன். அப்போது மேலே எங்கோ ஓர் ஆகாய விமானத்தின் இரைச்சல் கேட்டது. சண்டைக் காலத்தில் அவை அடிக்கடி போகும். தம்பி அதைக் கேட்டு அண்ணாந்து பார்த்தான். பார்த்துவிட்டுத் தங்கையின் முழங்காலைத் தட்டி, அவள் மோவாயைப் பிடித்து, முகத்தை மேலே தூக்கிவிட்டான். அவள் வானத்தில் தேடினாள். கண்டதும் வாயெல்லாம் சிரிப்பாகி, கையை விரித்துத் தலைக்குமேல் ஓட்டிக் காட்டினாள். அவனும் தன் குட்டிக் கையை அதேபோல ஓட்டினான்.

எனக்குக் கூழ்ச்சட்டியை இறக்கிவைக்கத் தோன்றவில்லை. அவளுக்குக் கேட்காது என்பது அந்தப் பிள்ளைக்குத் தெரிந்திருந்தது. யாரும் சொல்லித்தரவில்லை, சொன்னாலும் புரிந்துகொள்ள அவனுக்கு எந்த வார்த்தையும் தெரியாது. ஆனாலும் தெரிந்திருந்தது, கேட்டதை அவளுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தான்.

அன்றையிலிருந்து நான் அவர்களைக் கவனிக்கத் தொடங்கினேன். கவனிக்கக் கவனிக்க எனக்கு மலைப்பாக இருந்தது. மூக்கின் இடப்பக்கத்தை விரலால் தொட்டால் அம்மா. அம்மாவின் மூக்குத்தி அங்கே இருந்தது. தோளில் கையை வைத்து அழுத்தினால் நைனா. காதுப் பக்கத்திலிருந்து கையைக் கீழே இழுத்தால் பின்னலோடு திரிகிற நான். உள்ளங்கையைத் தரையில் பதித்து நடுக்கினால் ஆவடி ரோட்டில் போகிற பட்டாளத்து லாரி. அதன் சத்தம் அவளுக்குக் கிடையாது, கால் வழியே ஏறும் அதிர்வுதான் உண்டு. கன்னத்தை உப்பினால் கூழ். இதெல்லாம் அவள் செய்தவை. அவளுக்கென்று ஒரு பெயர் மட்டும் இல்லாமல் இருந்தது. தனக்குத் தானே யார் பெயர் வைத்துக்கொள்வார்கள்? அதை அவன் வைத்தான். தன் மோவாயைத் தானே பிடித்துக்கொண்டால் அவள் என்று அர்த்தம்.

கூழ் எங்கே, அம்மா எங்கே, காக்கா கொத்திவிட்டது, நாய் வருகிறது, பயமாக இருக்கிறது, மடியில் எடு. அந்த வயதில் மற்ற பிள்ளைகள் வாயால் என்னென்ன சொல்லுமோ அதெல்லாவற்றையும் அவன் கையாலும் சத்தமில்லாத வாயாலும் சொன்னான். ரெண்டைச் சேர்த்தும் சொன்னான். மூக்கைத் தொட்டு, கையை விசிறினால் அம்மா போய்விட்டாள். என் தங்கைக்கு அம்மை போட்டதிலிருந்து அவளிடம் யாரும் எதுவும் சொன்னதில்லை. இப்போது அவளுக்குச் சொல்ல ஓர் ஆள் இருந்தான். அவள் முகத்தில் சதை பிடித்தது, மெய்யாகவே. வேலைக்கு நடுவில் தானாகச் சிரித்துக்கொள்வாள்.

தம்பிக்கு ரெண்டு வயசு நெருங்கியபோதுதான் மெச்சிய வாய்களெல்லாம் மாறின. அவனோடு பிறந்த பிள்ளைகள் தெருவில் வம்பளந்துகொண்டிருந்தன. இவன் வாயைத் திறந்து மூடினான், கையை ஆட்டினான். அம்மா அவன் நாக்கில் வசம்பைச் சுட்டுத் தேய்த்தாள். கோயில் மணியைக் கழுவிய தண்ணீரைக் குடிக்கக் கொடுத்தாள். ஒன்றும் நடக்கவில்லை. அவளுக்குத் தூக்கம் போய்விட்டது. ஒரு பிள்ளையின் வாயை ஆத்தா மூடினாள், இன்னொன்றையும் மூடுகிறாளா? அதுவும் ஆண்பிள்ளையை? அவள் பயந்தது எனக்கு இப்போது நன்றாகப் புரிகிறது. புரிகிறது என்பதற்காகக் கோபம் போய்விடவில்லை.

எங்கள் குடிசைகளில் பாதிப் பேரை வெளியே இழுத்துப்போட்ட மருத்துவச்சி ஒருத்தி இருந்தாள். அம்மா அவளைக் கூட்டிவந்தாள். அவள் தம்பியை மடியில் போட்டுக்கொண்டு, பின்பக்கமாகக் கையைத் தட்டிப் பார்த்தாள். அவன் சட்டென்று திரும்பினான். நாக்கைத் தூக்கிப் பார்த்தாள். தொண்டையை அமுக்கினாள்.

"காது நல்லாத்தான் கீது. நாக்குலயும் ஒண்ணியும் இல்லை. அப்பால இன்னாத்துக்குப் பேச மாட்டேங்கறான்?" என்றாள்.

அந்த நேரம் பார்த்துத் தங்கை தன் கூழ்க் கிண்ணத்தோடு வந்து, ஒரு வாய் தான் குடித்துவிட்டு அதே கிண்ணத்தைத் தம்பியின் வாயில் வைத்தாள். அவன் கன்னத்தை உப்பிக் காட்டிவிட்டுக் குடித்தான். மருத்துவச்சி அம்மாவைப் பார்த்தாள்.

"அடிப்பாவி, இப்டித்தான் தெனமும் நடக்குதா? ஊமை எச்சிலைத் துன்னா கொயந்தைக்கு எப்டிடி பேச்சு வரும்? எச்சில் வயியா ஒட்டிகினுச்சு. இவளைப் பிரிச்சு வையி. இல்லாகாட்டி இவனும் அவளை மாதிரிதான்."

அம்மா கிண்ணத்தைப் பிடுங்கி வாசலில் எறிந்தாள். தங்கை என்ன தவறு செய்தோம் என்று ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தாள்.

அம்மை வந்த வீட்டில் இப்படிப்பட்ட சொல்லுக்குப் பெரிய பலம். அன்றையிலிருந்து தங்கைக்குத் தனிக் கிண்ணம், தனிப் பாய். தம்பியைத் தொட்டால் அடி. இந்த முட்டாள்தனத்தை என்னால் தாங்க முடியவில்லை. நான் அம்மாவிடம் போய்ச் சொன்னேன்.

"யம்மா, அவன் பேசறாம்மா. கையால பேசறான். அவ சொல்லிக்குடுத்தத பேசறான். நீ வேணா பாரு."

பார்த்தால் அம்மாவுக்கு உயிர் வரும் என்று நினைத்தேன். தம்பியை எதிரே நிற்கவைத்து, மூக்கைத் தொட்டுக் கையை விரித்தேன். அம்மா எங்கே? அவன் உடனே அம்மாவைச் சுட்டினான். தோளை அழுத்திக் கையை விரித்தேன். அவன் ஆவடிப் பக்கம் கையை நீட்டினான், பிறகு தரையில் உள்ளங்கையைப் பதித்து நடுக்கினான். நைனா லாரி போகிற ரோட்டில் போயிருக்கிறார். இதைவிடத் தெளிவாக ரெண்டு வயசுப் பிள்ளை எந்த மொழியில் சொல்லும்?

அம்மா சுவரோடு சாய்ந்துவிட்டாள். "ஐயோ, முழுசா ஒட்டிகினுச்சே" என்று தலையில் அடித்துக்கொண்டாள். எழுந்து வந்து என் கன்னத்தில் அறைந்தாள். "கைய ஆட்டறது பேச்சாடி? நாளைக்கு இவனுக்கு யாருடி வேலை குடுப்பா, யாருடி பொண்ணு குடுப்பா?"

அவள் கேட்டது நியாயமான கேள்விதான். தங்கைக்கு யார் என்ன கொடுப்பார்கள் என்று யாரும் கேட்கவில்லை என்பதுதான் எனக்கு ஆறவே இல்லை.

நெமிலிச்சேரியில் இருந்த மாமாவுக்கு, அம்மாவின் அண்ணனுக்கு, ஆள் சொல்லி அனுப்பினார்கள். அவருக்கு ஆடுகள் இருந்தன, மேய்க்க ஆள் வேண்டியிருந்தது. வந்தவர் தங்கையை ஏற இறங்கப் பார்த்து, "வாயில்லாத ஜீவனுக்கு வாயில்லாத பொண்ணு, நல்ல ஜோடிதான்" என்று சிரித்தார். நைனா தலையைக் குனிந்துகொண்டார். அவர் கெட்டவர் இல்லை, அன்றைக்கு அதனால் ஒரு பிரயோசனமும் இல்லை.

அம்மா அவளுக்கு எண்ணெய் வைத்துத் தலைவாரினாள். பிச்சிப்பூ வைத்தாள். என்னுடைய நல்ல பாவாடையை எடுத்துக் கட்டிவிட்டாள். ஏதோ பண்டிகை என்று அவள் குதித்தாள். எங்கே போகிறோம் என்று அவளுக்குச் சொல்ல அந்த வீட்டில் ஒருவருக்கும் வழி தெரியாது. நான்தான் அவளைக் கொல்லைப்புறம் இழுத்துப் போய் எனக்குத் தெரிந்த அளவில் சொன்னேன். ரயில், மாமா, ஆடு, நீ. அவள் தலையாட்டினாள். மூக்கைத் தொட்டாள். அம்மாவும் வருகிறாளா? இல்லை என்று தலையசைத்தேன். குழந்தையை ஆட்டுவதுபோல் கையை ஆட்டினாள். தம்பி? இல்லை. அவள் கையை விரித்தாள். எப்போது திரும்ப? இனிமேல் இங்கே இல்லை என்பதற்கு அவர்கள் மொழியில் ஒரு சொல் கிடையாது. அந்த வயதில் அவர்களுக்கு அப்படி ஒன்று தேவைப்பட்டிருக்கவில்லை.

மாமா அவள் கையைப் பிடித்து ஸ்டேஷன் பக்கம் நடந்தார். அம்மா தம்பியை இடுப்பில் இறுக்கிக்கொண்டு வாசலில் நின்றாள். தெரு முனைவரைக்கும் தங்கை திரும்பித் திரும்பிப் பார்த்தாள், அவன் மோவாயைப் பிடித்துக்கொண்டு வாயை அகலத் திறந்தான். அம்மா அவன் முகத்தைத் தன் தோளில் அழுத்தித் திருப்பிக்கொண்டாள்.

அதற்கப்புறம் கொஞ்ச நாள் அவன் எங்கள் ஒவ்வொருவரிடமும் வந்து தன் மோவாயைப் பிடித்துக் காட்டினான். யாரும் பதில் சொல்லாததால் எங்கள் மோவாயைப் பிடித்துத் திருப்பினான். நைனாவின் தாடியைப் பிடித்து வாசல் பக்கம் திருப்பினான். நைனா எழுந்து வெளியே போய்விட்டார். அம்மா நடவுக்குப் போவதை நிறுத்தினாள். நாங்கள் அரை வயிறு சாப்பிட்டோம். அவள் பகலெல்லாம் அவன் எதிரே உட்கார்ந்து, "சொல்லு, தண்ணி சொல்லு, அம்மா சொல்லு" என்று ஓயாமல் பேசினாள். அவன் கையைத் தூக்கினால் கைமேல் அடித்தாள். அப்படியும் நிற்காதபோது, சாப்பாட்டு நேரத்தில் பழைய புடவைக் கிழிசலால் அவன் ரெண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டினாள். கன்னத்தை உப்பிக் காட்டினால் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவனுக்குப் பசி. அவள் அழுதுகொண்டேதான் செய்தாள். என் முன்னால் நடந்தது, எதையும் கூட்டிச் சொல்லவில்லை.

நான் ரகசியமாக அவனோடு கையால் பேசிக்கொண்டிருந்தேன். அந்தப் பேச்சு அழியக் கூடாது, தங்கை திரும்பி வரும்போது அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று எனக்கு ஒரு வெறி. அம்மா ஒருநாள் பார்த்துவிட்டுத் துடைப்பத்தால் விளாசினாள். ஆனால் அடியினால் அந்தப் பேச்சு நிற்கவில்லை. உண்மையைச் சொல்ல வேண்டும். அவனுக்கே அது வேண்டாமல் போய்விட்டது.

ஏனென்றால் அவனுக்கு வாய்ப் பேச்சு வந்துவிட்டது. முதலில் 'ன்னி' வந்தது. அம்மா குடத்தையே தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள், பாதித் தண்ணீர் அவன் தலையில்தான் கொட்டியது. பிறகு 'ம்மா', அதற்கப்புறம் அணை உடைந்தது. 'ன்னி' என்றால் முதுகைத் திருப்பிக்கொண்டு நிற்கிறவள்கூடத் தண்ணீர் கொண்டுவருகிறாள், இருட்டிலும் கொண்டுவருகிறாள். கையால் கேட்டால் ஒரே ஒரு பின்னல்காரிக்குத்தான் புரிகிறது. பிள்ளை எதை வைத்துக்கொள்ளும்? நான் மூக்கைத் தொட்டால் அவன், "அம்மா ஊட்ல" என்று வாயால் பதில் சொன்னான். பிறகு நான் மூக்கைத் தொட்டால் தானும் மூக்கைத் தொட்டுச் சிரித்தான், அது ஒரு விளையாட்டாகிவிட்டது. பிறகு அதுவும் இல்லை.

ஊருக்கெல்லாம் இது பெரிய அத்தாட்சி. ஊமையைப் பிரித்ததும் பிள்ளை பேசிவிட்டான் பார்த்தாயா? மருத்துவச்சியின் மதிப்பு ஏறியது. கள்ளிக்குப்பத்திலிருந்தெல்லாம் அவளைக் கூப்பிட வந்தார்கள். அவள் சொன்னதில் ஒன்று நிஜம், தங்கையிடமிருந்து தம்பிக்கு ஒன்று ஒட்டிக்கொண்டது. அது நோய் இல்லை என்று நான் எத்தனையோ பேரிடம் சொல்லிப் பார்த்தேன். பிற்காலத்தில் படித்தவர்களிடமும் சொன்னேன். அவர்களும், "எப்படியோ, பையன் பேசிட்டான் இல்ல?" என்றார்கள்.

மறு வருஷம் ஆடியில் அம்மா, தம்பிக்குப் பேச்சு வந்ததற்காக ஆத்தாவுக்குப் பொங்கல் வைத்தாள். மாமாவுக்கும் சொல்லி அனுப்பியிருந்தாள். பேச்சு நன்றாக நிலைத்துவிட்டது, இனி ஒரு நாள் தங்கை வந்து போனால் பயமில்லை என்று மருத்துவச்சி அனுமதி கொடுத்திருந்தாள். எனக்குக் காலையிலிருந்து வேலை ஓடவில்லை. தெரு முனையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மாமாவுக்குப் பின்னால் அவள் வந்தாள். பேன் பிடித்ததென்று தலையை மொட்டையடித்திருந்தார்கள். கருத்து, ஒடுங்கி, காலெல்லாம் முள் கிழித்த கோடுகள். அம்மா கட்டியனுப்பிய என் பாவாடை ஓரம் கிழிந்து முழங்காலுக்கு ஏறியிருந்தது. என்னைப் பார்த்ததும் காதுப் பக்கத்திலிருந்து கையைக் கீழே இழுத்தாள். என்னைக் கூப்பிடுகிறாள். நானும் இழுத்தேன். அவள் நிற்கவில்லை. அவள் கண் அவனைத் தேடியது.

அவன் பொங்கல் பானைகளுக்குப் பக்கத்தில் மற்ற பிள்ளைகளோடு கத்திக்கொண்டிருந்தான். அவள் ஓடிப்போய் அவன் எதிரே மண்டி போட்டாள். தன் மோவாயைப் பிடித்தாள். நான்தான். அவன் பார்த்தான். மறுபடியும் பிடித்தாள். அவன் ஒன்றும் செய்யவில்லை. அவள் அவசர அவசரமாகக் குழந்தையை ஆட்டுவதுபோல் ஆட்டினாள், தரையில் உள்ளங்கையைப் பதித்து நடுக்கினாள், கையை விரித்துத் தலைக்குமேல் ஓட்டினாள். ஒரு வருஷம் ஆடுகளுக்கு நடுவே சேர்த்துவைத்ததெல்லாம் அந்தக் கையில் வந்தது. எனக்குத் தெரியாத புதுச் சொற்களும் அதில் இருந்தன. ஏதாவது ஒன்றாவது அவனுக்குப் புரியும் என்று ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டே போனாள், அவன் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல். கடைசியில் கையை நீட்டி அவன் மோவாயைத் தொடப் போனாள்.

அவன் துள்ளி விலகி ஓடிப்போய் அம்மாவின் புடவையைப் பிடித்துக்கொண்டான்.

"யம்மா, யாரோ ஊமைப் பொண்ணு வந்துகீதும்மா! கைய கைய ஆட்டுது, என்னியப் புடிக்க வருது!"

பொங்கலைச் சுற்றி நின்ற பெண்கள் எல்லோரும் அதைக் கேட்டார்கள். அம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. அவனை வாரித் தூக்கி முத்தம் கொடுத்தாள்.

"கேட்டீங்களா, எவ்ளோ சுத்தமா சொல்றான்! ஒரு எழுத்து தப்பல பாருங்க!"

எல்லோரும் சிரித்தார்கள். அம்மா கண்ணில் நீர் வரச் சிரித்தாள். தங்கை மண்டி போட்டபடியே அம்மாவின் வாயையும் தம்பியின் வாயையும் மாறி மாறிப் பார்த்தாள். அம்மா அவ்வளவு சந்தோஷமாகச் சிரித்து அவள் பார்த்ததே இல்லை. தன்னைப் பற்றி அவன் ஏதோ நல்லது சொல்லியிருக்கிறான் என்று நினைத்துக்கொண்டு அவளும் சிரித்தாள்.